நான்கு ரிப்போர்ட், நான்கு பதில்: எந்த ஆன்டிபாடி பரிசோதனையை நம்புவது?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

வட சென்னையில் வசிக்கும், பெயர் வெளியிட விரும்பாத 44 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கடந்த மாதம் அவருக்கும் கணவருக்கும் நான்கு நாட்கள் காய்ச்சலும் வறட்டு இருமலும் இருந்தன. மூக்கில் சளி மாதிரி எடுக்கும் பரிசோதனை எதுவும் செய்துகொள்ளவில்லை. ஐந்தாம் நாள், தெருமுனை ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து ஒருவரை வரவழைத்து, வீட்டில் எல்லோருக்கும், வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிக்கும் சேர்த்து, விரல் நுனியில் குத்தி 'கொரோனா கார்டு' பார்த்திருக்கிறார்கள். ஆசிரியைக்கும் வேலைக்கு வரும் பெண்மணிக்கும் ஐஜிஜி (வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிகளில் ஒரு வகை) கோடு தெரிந்தது. முடக்குவாதத்துக்குச் சிகிச்சை பெறும் 71 வயது மாமியாருக்கு, அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, ஐஜிஎம் (தொற்றின் தொடக்கத்தில் எழும் ஆன்டிபாடி வகை) இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. அன்றே மாமியார் மாடி அறைக்கு மாற்றப்பட்டார். அந்தப் பெண்மணி 'சரியான பிறகு வாருங்கள்' என்று சொல்லி அனுப்பப்பட்டார்.

குழப்பம் தீராததால் பன்னிரண்டாம் நாள் முதல் அடுத்தடுத்து மூன்று ஆய்வகங்களில் ஆசிரியை ரத்தம் கொடுத்திருக்கிறார். முதல் ஆய்வகம் 2,480 என்றது, இரண்டாவது 389 என்றது, மூன்றாவது 0.6, 'நெகட்டிவ்' என்றது. அதே மூன்றாவது ஆய்வகத்தில் கணவருக்கு 'பாசிட்டிவ்'. 'ஒரே வாரத்தில் ஒரே உடம்பில் இத்தனை வித்தியாசம் எப்படி வரும்? எந்தப் பரிசோதனை துல்லியமானது? தவறான ரிப்போர்ட் கொடுத்த ஆய்வகத்தின் மீது புகார் கொடுக்கலாமா? கணவர், தன் உடம்பில் ஆன்டிபாடி இருப்பதால் இனி முகக்கவசமே வேண்டாம் என்கிறார், அது சரியா?' என்பவை அவருடைய கேள்விகள். அவர் 2021இல் கோவிஷீல்டும், கணவர் கோவாக்ஸினும் இரண்டு தவணைகள் போட்டுக்கொண்டவர்கள்.

மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லா ரிப்போர்ட்டுகளின் நகலையும் ஒழுங்காக இணைத்து அனுப்பியிருந்தீர்கள். அதனால்தான் உறுதியாகப் பதில் எழுத முடிகிறது. உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்பு, நீங்கள் கேட்காத, ஆனால் காத்திருக்க முடியாத இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியைப் பற்றியது. ஐஜிஜி என்பது உடம்பு எப்போதோ அந்த வைரஸையோ தடுப்பூசியையோ சந்தித்து, அதை நினைவில் வைத்திருப்பதன் அடையாளம். இன்று அவர் மூச்சில் வைரஸ் இருக்கிறது என்று அது சொல்லவே சொல்லாது. அதே கோடு உங்களுக்கும் தெரிந்தது. நீங்கள் உங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள். காய்ச்சலும் இருமலும் உங்கள் இருவருக்குத்தான் இருந்தனவே தவிர, அவருக்கு இருந்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவரைத் திரும்ப அழையுங்கள். வராத நாட்களின் சம்பளத்தையும் கொடுத்துவிடுங்கள். இன்னொருவருடைய ரத்தத்தை வேலைக்கான நிபந்தனையாக்கிப் பரிசோதிப்பதும், அதன் முடிவை மற்றவர்கள் முன்னால் படிப்பதும் அவருடைய அந்தரங்கத்தில் கைவைப்பதாகும் என்பதையும், நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தீர்கள் என்று புரிந்துகொண்டே சொல்கிறேன்.

இரண்டாவது, உங்கள் மாமியார். அவருக்குத் தெரிந்த அந்த ஐஜிஎம் கோட்டை நான் நம்பவில்லை. இந்தக் கார்டுகளைப் பொதுவாகப் பத்து முதல் இருபது நிமிடங்களுக்குள், உறையில் குறிப்பிட்டிருக்கும் நேரத்தில் படிக்க வேண்டும். நேரம் கடந்த பிறகு, ஈரம் உலரும்போது, கோடு போன்ற நிழல் ஒன்று தானாகவே எழும். அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அது மட்டுமல்ல. அவருக்கு ருமட்டாய்டு ஃபேக்டர் (முடக்குவாதம் உள்ள பலரின் ரத்தத்தில் காணப்படும் ஒரு வகை ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்று நீங்கள் அனுப்பிய பழைய ரிப்போர்ட் சொல்கிறது. அந்த ஃபேக்டர், கார்டுகளில் ஐஜிஎம் கோட்டைப் பொய்யாக எழுப்பக்கூடியது என்பது ஆய்வகங்களில் வேலை செய்கிறவர்கள் அறிந்த சங்கதி. மேலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு ஏற்றப்படும் ரிட்டுக்ஸிமாப், ஆன்டிபாடி உண்டாக்கும் பி செல்களையே குறைத்துவிடும் மருந்து. அப்படிப்பட்டவருக்குக் காய்ச்சலோ இருமலோ இல்லாமல் புதிதாக ஐஜிஎம் மட்டும் தோன்றியது என்பது பொருந்தி வரவில்லை. அவர் இன்னமும் தனித்தட்டில், தனியாகச் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவே அவரைக் கீழே அழைத்து உங்களோடு உட்கார வையுங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டுகள் ஒன்றோடொன்று முரண்படவில்லை

இனி உங்கள் மூன்று எண்களைப் பார்ப்போம். ஆய்வகங்களில் ஏதோ ஒன்று தவறு செய்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். நான் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றும் தத்தம் அளவில் சரியாகத்தான் இருக்கின்றன.

முதல் ரிப்போர்ட்டில் 2,480 என்ற எண்ணுக்கு அருகே, சிறிய எழுத்தில், ஏ.யூ/மி.லி என்ற அலகு இருக்கிறது. இரண்டாவதில் 389க்கு அருகே பி.ஏ.யூ/மி.லி என்று இருக்கிறது. பூக்காரம்மாவின் கைக்குத் தகுந்தபடி முழத்தின் நீளம் மாறுவதுபோல, தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த முழத்தில்தான் ஆன்டிபாடியை அளந்தது. 2020 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், நோயிலிருந்து மீண்டவர்களின் பிளாஸ்மாவைக் கலந்து தயாரித்த ஒரு பொது அளவுகோலை ஏற்றுக்கொண்டது. அதன்படி அமைந்த அலகுதான் பி.ஏ.யூ. உங்கள் முதல் பரிசோதனை அபாட் நிறுவனத்தின் கருவியில் செய்யப்பட்டது. அந்தக் கருவியின் ஏ.யூ எண்ணை 0.142ஆல் பெருக்கினால் பி.ஏ.யூ கிடைக்கும். பெருக்கிப் பாருங்கள்: 2,480 ஏ.யூ என்பது சுமார் 352 பி.ஏ.யூ. இரண்டாவது ஆய்வகம் 389 என்றது. இரு வேறு நிறுவனங்களின் கருவிகளுக்கிடையே இவ்வளவு ஒற்றுமை கிடைப்பதே நல்ல செய்தி. பொது அலகுக்கு மாற்றிய பிறகும் கருவிக்குக் கருவி இதைவிடப் பெரிய வித்தியாசம் வருவதுண்டு.

மூன்றாவது ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்றதற்குக் காரணம், அது வேறொன்றைத் தேடியது என்பதுதான். கொரோனா வைரஸின் மேற்புறத்தில் முள்போல நீட்டிக்கொண்டிருப்பது ஸ்பைக் புரதம். உள்ளே மரபுப்பொருளைச் சுற்றிக்கொண்டிருப்பது நியூக்ளியோகேப்சிட் புரதம். உங்கள் முதல் இரண்டு பரிசோதனைகளும் ஸ்பைக்குக்கு எதிரான ஆன்டிபாடியை அளந்தன. கோவிஷீல்டு ஸ்பைக்கை மட்டுமே உடம்புக்கு அறிமுகப்படுத்துகிற தடுப்பூசி. ஆகவே தடுப்பூசியாலும், இடையில் உங்களுக்கே தெரியாமல் வந்து போயிருக்கக்கூடிய தொற்றாலும் அந்த ஆன்டிபாடி உங்களிடம் இருக்கிறது. மூன்றாவது பரிசோதனை நியூக்ளியோகேப்சிட்டுக்கு எதிரான ஐஜிஜியைத் தேடியது. அது கோவிஷீல்டால் உண்டாவதில்லை. கோவிஷீல்டு மட்டும் போட்ட உங்களுக்கு அது தொற்றால் மட்டுமே வரும். வந்த பிறகும் மாதக்கணக்கில் மெல்லக் குறைந்து, 1.4 என்ற வரம்புக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். உங்கள் 0.6 அந்த வரம்புக்குக் கீழே இருப்பதால் நெகட்டிவ் என்று அச்சாகியிருக்கிறது.

உங்கள் கணவருடைய பாசிட்டிவும் இதே வகைப் பரிசோதனைதான். அவர் போட்டுக்கொண்ட கோவாக்ஸின், முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரிக்கப்பட்டது. அதில் நியூக்ளியோகேப்சிட்டும் இருப்பதால் தடுப்பூசியே இந்த ஆன்டிபாடியை எழுப்பக்கூடும். இத்தனை ஆண்டுகள் கழிந்த பிறகும் அது தெரிகிறதென்றால், இடையில் ஏதோ ஒரு தொற்று வந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தத் தொற்று கடந்த மாதம் வந்ததா, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வந்ததா என்று ரத்தத்தில் தேதி எழுதியிருக்காது. ஆகவே 'கணவருக்கு வந்தது கொரோனா, எனக்கு வந்தது வேறு காய்ச்சல்' என்று நீங்கள் எடுத்திருக்கும் முடிவுக்கு இந்த ரிப்போர்ட்டுகளில் ஆதாரம் இல்லை.

உங்கள் நெகட்டிவையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நீங்கள் ரத்தம் கொடுத்தது நோய் தொடங்கிய இரண்டாவது வாரத்தில். தடுப்பூசிகள் வருவதற்கு முந்தைய காலத்து ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (2020), ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டையும் சேர்த்துத் தேடினால்கூட, முதல் வாரத்தில் 30.1 சதவீதம் பேரிடமும், 8 முதல் 14 நாட்களில் 72.2 சதவீதம் பேரிடமும், 15 முதல் 21 நாட்களில் 91.4 சதவீதம் பேரிடமும்தான் ஆன்டிபாடி பிடிபட்டது என்று கணக்கிட்டது. ஐந்தாம் நாள் பார்த்த கார்டு எதைச் சொல்லியிருக்க முடியும் என்பதை இதிலிருந்தே நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். அடுத்தது, தடுப்பூசி போட்டவர்களுக்குத் தொற்று வந்தால் நியூக்ளியோகேப்சிட் ஆன்டிபாடி குறைவாகவே எழுகிறது. மாடர்னா தடுப்பூசியின் சோதனையில் தொற்று உறுதியானவர்களை ஒப்பிட்டபோது, தடுப்பூசி போடாதவர்களில் 93 சதவீதம் பேருக்கு இந்த ஆன்டிபாடி தோன்றியது. போட்டவர்களில் 40 சதவீதம் பேருக்குத்தான் தோன்றியது. உங்களுடையது வேறு தடுப்பூசி என்றாலும், நெகட்டிவ் என்ற ஒரு சொல்லை வைத்துத் தொற்றே வரவில்லை என்று சொல்லிவிட முடியாது என்பது தெளிவு.

'99 சதவீதத் துல்லியம்' என்றால் என்ன?

ஆய்வக விளம்பரத்தில் 99 சதவீதத் துல்லியம் என்று போட்டிருந்ததாகவும், அதை நம்பித்தான் பணம் கட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். துல்லியம் என்பது ஒரே எண் அல்ல, இரண்டு எண்கள். தொற்று வந்தவர்களில் எத்தனை பேரைச் சரியாகப் பிடிக்கிறது என்பது உணர்திறன். தொற்றே வராதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது தனித்தன்மை. விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இரண்டில் அழகாக இருக்கும் எண்.

இரண்டு பரிசோதனைகளை நேர்மையாக ஒப்பிட வேண்டுமென்றால், ஒரே ரத்த மாதிரிகளை எல்லாக் கருவிகளிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் ஐசியூவில் இருந்தவர்களின் ரத்தத்தையும் இன்னொரு நிறுவனம் வீட்டிலேயே குணமானவர்களின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டால் முதல் நிறுவனத்தின் எண் உயர்ந்துதான் நிற்கும்; ஏனென்றால் கடுமையாக நோயுற்றவர்களுக்குப் பொதுவாக ஆன்டிபாடி அதிகம். பிரிட்டனில் 2020இல் நடந்த ஓர் ஆய்வு இதைச் சரியாகச் செய்தது. கொரோனா உலகத்துக்கே வருவதற்கு முன்பு சேமித்து வைத்திருந்த 976 மாதிரிகளையும், அறிகுறி தொடங்கி 20 நாட்களாவது கடந்த 536 மாதிரிகளையும் ஐந்து பரிசோதனைகளில் ஓட்டினார்கள். உங்கள் மூன்றாவது ஆய்வகம் பயன்படுத்திய அதே அபாட் நியூக்ளியோகேப்சிட் பரிசோதனைக்கு உணர்திறன் 92.7, தனித்தன்மை 99.9 சதவீதம், ரோஷ் பரிசோதனைக்கு 97.2, 99.8, சீமென்ஸுக்கு 98.1, 99.9, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கியதற்கு 99.1, 99.0. டயாசோரினுடைய எண்களும் இவற்றுக்கு அருகில்தான். இவை எல்லாமே நல்ல பரிசோதனைகள்தான். இவற்றுக்குள் இருக்கும் சில சதவீத வித்தியாசத்தைவிட, ரத்தம் எடுத்த நாளும் தேடிய புரதமும்தான் உங்கள் ரிப்போர்ட்டின் பொருளை அதிகம் மாற்றியிருக்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது கரும்பலகையில் எழுதிக் காட்டாமல் விடுவதில்லை. புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் 2020இல் உருவாக்கிய 'கோவிட் கவச்' எலைசாவின் (ஆய்வகத்தில் ரத்தத்திலுள்ள ஆன்டிபாடியைத் தேடும் ஒரு பரிசோதனை முறை) உணர்திறன் 92.37, தனித்தன்மை 97.9 சதவீதம். நம் சென்னையில் இயங்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் முன்னின்று நடத்திய முதல் தேசிய ஆன்டிபாடி ஆய்வில், 2020 மே, ஜூன் மாதங்களில், நாட்டில் 0.73 சதவீதம் பேருக்குத்தான் தொற்று வந்திருந்தது. அன்றைக்கு ஆயிரம் பேருக்கு அந்த எலைசாவை மட்டும் செய்திருந்தால், தொற்று வந்த ஏழு பேரில் ஆறு அல்லது ஏழு பேர் பாசிட்டிவ் ஆவார்கள். தொற்றே வராத 993 பேரில் 21 பேரும் பாசிட்டிவ் ஆவார்கள். ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வாங்கிய நால்வரில் ஒருவருக்குத்தான் உண்மையில் தொற்று வந்திருக்கும். அதனால்தான் அந்த ஆய்வில், முதல் எலைசாவில் பாசிட்டிவ் ஆனவற்றை வேறொரு எலைசாவிலும் சரிபார்த்தார்கள்.

அதே பரிசோதனையை, 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது ஆய்வு கண்ட 67.6 சதவீதம் என்ற நிலையில் வைத்துக் கணக்கிடுங்கள். ஆயிரம் பேரில் 676 பேரிடம் ஆன்டிபாடி இருக்கிறது. 624 பேர் பிடிபடுவார்கள், 52 பேர் தப்புவார்கள். பொய்யான பாசிட்டிவ் ஏழு பேர் மட்டுமே. இப்போது பாசிட்டிவை ஏறக்குறைய முழுமையாக நம்பலாம். ஆனால் நெகட்டிவ் வாங்கிய 369 பேரில் 52 பேருடையது, அதாவது ஏழில் ஒருவருடையது, தவறு. பரிசோதனை மாறவில்லை, அட்டைப்பெட்டியில் இருக்கும் எண் மாறவில்லை, ஊர் மாறிவிட்டது. 'எது துல்லியம்' என்ற உங்கள் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லி என்னால் பதில் எழுத முடியாமல் போவது இதனால்தான்.

கார்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில், மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட இரண்டு நிறுவனங்களின் ரேபிட் ஆன்டிபாடி கார்டுகள் முன்னுக்குப் பின் முரணான முடிவுகளைக் காட்டியதால், அவற்றைப் பயன்படுத்த வேண்டாமென்று ஐ.சி.எம்.ஆர் நிறுத்தச் சொன்னது. பிறகு நல்ல கார்டுகளும் வந்தன என்றாலும், தனி மனிதருக்கு 'இப்போது கொரோனா இருக்கிறதா' என்று பார்க்க அவை உதவுவதில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால், ஆன்டிஜென் கார்டையும் ஆன்டிபாடி கார்டையும் ஒன்றென்று எண்ணியிருப்பது தெரிகிறது. மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பது ஆன்டிஜென். அது வைரஸையே தேடும். விரலில் குத்திப் பார்ப்பது ஆன்டிபாடி. அது வைரஸுக்கு உடம்பு கொடுத்த பதிலைத் தேடும். பெயர் ஒலிப்பதில் இருக்கும் ஒற்றுமையால் படித்தவர்கள்கூட இங்கே தடுமாறுவதைத் தினமும் பார்க்கிறேன்.

உங்கள் கணவரின் தைரியம்

389 பி.ஏ.யூ இருந்தால் பாதுகாப்பு, 200 இருந்தால் ஆபத்து என்று தனி மனிதருக்குக் கோடு போட்டுக் காட்டும் எந்த எண்ணும் இல்லை. இந்தப் பரிசோதனைகள் ஆன்டிபாடி புரதத்தில் ஒட்டுகிறதா என்று பார்க்கின்றன. வைரஸை முடக்குகிறதா என்று பார்ப்பதில்லை. அவற்றில் பலவும் தொடக்க கால வைரஸின் புரதத்தை வைத்துத் தயாரிக்கப்பட்டவை. இப்போது சுற்றுவது ஒமிக்ரான் வழிவந்த வைரஸ்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 மே மாதத்திலேயே, தடுப்பூசிக்குப் பிறகு தனக்கு எவ்வளவு எதிர்ப்பாற்றல் இருக்கிறது என்று பார்க்க ஆன்டிபாடி பரிசோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவுறுத்தியது. உங்கள் கணவருக்கு மீண்டும் நோய் வந்தால் அநேகமாக லேசாகவே கடந்து போகும். ஆனால் இருமிக்கொண்டே அவர் தாயின் அறைக்குள் போகும்போது, அவருடைய ஆன்டிபாடி தாயைக் காப்பாற்றாது. வீட்டில் யாருக்கு இருமல் இருந்தாலும், பெரியவரின் அருகில் போகும்போது முகக்கவசம் போட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

புகார் கொடுக்கலாமா?

மூன்று ஆய்வகங்கள் மீதும் தவறான முடிவு கொடுத்ததாகப் புகார் கொடுக்க முகாந்திரம் இல்லை; கொடுத்தால் நிற்காது, உங்கள் நேரமும் மனமும்தான் வீணாகும். ஆனால் மூன்றாவது ரிப்போர்ட்டில் 'கோவிட் ஆன்டிபாடி' என்று மட்டும் இருக்கிறது. எந்தப் புரதம் என்று இல்லை. வரம்பு எண்ணையும் அலகையும் வைத்துத்தான் நான் கண்டுபிடித்தேன். எந்தக் கருவி, எந்தப் புரதம், எந்த அலகு, வரம்பு எண் என்ன என்று எழுத்தில் திருத்தித் தரும்படி கேளுங்கள்; பணம் கொடுத்தவர் என்ற முறையில் அது உங்கள் உரிமை. தெருமுனை நிலையத்தின் விஷயம் வேறு. கார்டை நேரத்தில் படிக்காமல் போனது, அரை மணி நேரம் கழிந்த படத்தை வாட்ஸ்அப்பில் 'ஐஜிஎம் பாசிட்டிவ்' என்று அனுப்பியது, மருத்துவர் கையொப்பமிட்ட ரிப்போர்ட் தராதது ஆகியவை நியாயமான குறைகள். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997இன் கீழ் பதிவுச் சான்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். பதில் வராவிட்டால் மேலே போகலாம்.

இனி செய்ய வேண்டியவை

கடந்த மாதம் வந்தது கொரோனாவா என்று தெரிந்துகொள்ள இன்னொரு ஆன்டிபாடி பரிசோதனை வேண்டாம். தெரிந்தாலும் உங்கள் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை. இதுவரை செலவழித்ததே போதும்.

அடுத்த முறை யாருக்காவது காய்ச்சல், இருமல் வந்தால், முதல் ஓரிரு நாட்களிலேயே மூக்கு, தொண்டை மாதிரி கொடுத்து ஆர்டி-பிசிஆர் செய்துகொள்ளுங்கள். குறிப்பாக உங்கள் மாமியாருக்கு அறிகுறி தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். வைரஸ் எதிர்ப்பு மருந்து தேவைப்பட்டால், அதை அறிகுறி தொடங்கிய ஐந்து நாட்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும்.

எக்காரணத்தாலாவது மருத்துவர் ஆன்டிபாடி பார்க்கச் சொன்னால், மூன்று வாரம் கழித்து, எந்தப் புரதம் என்று கேட்டுக்கொண்டு, முன்பு செய்த அதே ஆய்வகத்தில் அதே கருவியில் செய்யுங்கள். முடி உதிர்வதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும் என்பதால், ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

மாமியாருக்கு ஆன்டிபாடி எண்ணைப் பார்த்துத் தடுப்பூசியை முடிவு செய்ய வேண்டாம். ரிட்டுக்ஸிமாப் எடுப்பவர்களுக்கு ஆன்டிபாடி எழாமல் போகலாம். அப்போதும் டி செல்கள் என்ற வேறு வகை நோயெதிர்ப்பு செல்கள் வழியாக ஓரளவு பாதுகாப்பு கிடைக்கக்கூடும், அதை இந்தப் பரிசோதனைகள் காட்டா. அவருக்கு முக்கியம் நேரம். ரிட்டுக்ஸிமாப் தவணைக்கு அடுத்தடுத்த மாதங்களில் போடும் ஊசி பெரிதாகப் பலன் தராது; அடுத்த தவணைக்குச் சில வாரங்கள் முன்பு போடுவதையே வாத நோய் நிபுணர்கள் விரும்புவார்கள். கடைசித் தவணை ஏற்றிய தேதி, அடுத்த தவணையின் தேதி, இதுவரை போட்ட கொரோனா தடுப்பூசிகளின் தேதிகள், இன்ஃப்ளூயன்ஸா, நிமோனியா ஊசிகள் போட்டிருந்தால் அவற்றின் தேதிகள் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, அவருடைய வாத நோய் மருத்துவரிடம் இந்த வாரமே எடுத்துச் செல்லுங்கள். வாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தடுப்பூசிக்காக ஓரிரு வாரம் நிறுத்துவதா வேண்டாமா என்பதையும் அவரே சொல்லட்டும். அதுவரை ஒரு வேளைகூட நீங்களாக நிறுத்த வேண்டாம்.